வேற்று நாட்டு அங்காடியில்

நுழையும்முன்

தமிழரின் புலம்பெயர்வு பற்றிப் பேசும்போது கப்பல், போர், கடவுச்சீட்டு, கூலி, குடியுரிமை ஆகியன நினைவுக்கு வருகின்றன. சென்ற நாட்டில் முதல் வாரம் அவர்கள் எதை உண்டனர், அதை எங்கே, எப்படி வாங்கினர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அரிசியும் பருப்பும் வாங்கத் தெரிதலும் ஓர் எழுத்தறிவே. சொந்த ஊரில் அதைக் கற்றதாகவே யாரும் எண்ணுவதில்லை. வேற்று நாட்டில் அதை இரண்டாம் முறை, வளர்ந்த பிறகு, கற்க நேர்ந்தவர்களைப் பற்றியது இக்கட்டுரை.

நாடு என்னும் சொல்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ‘நாடு’ என்பது எல்லைக்காவலும் கொடியும் உடைய பெருநிலம் அன்று. சில சிற்றூர்கள் சேர்ந்த வட்டாரத்திற்கே அங்கு அப்பெயர் வழங்குகிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என மலைமேல் பல நாடுகள் உள்ளன. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்கு அங்கே நடந்தே போய்விடலாம். அவ்வாறு போகிறவர் அங்காடியில் திகைப்பதில்லை. பொருளும் ஒன்று, பேச்சும் ஒன்று, விலை சொல்லும் முறையும் ஒன்று.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கினால் சிறிது வேறுபாடு தொடங்கும். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மலையேறுகிறது. சாலை வருமுன் மலைமக்கள் தம் விளைபொருளைத் தலைச்சுமையாக இறக்கி அடிவாரத்தில் விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினர். மலைமேல் சோளக்காட்டில் கூடும் வாரச்சந்தையும், அடிவாரத்தில் மளிகைப் பொருளுக்குப் பெயர் பெற்ற பேளுக்குறிச்சிச் சந்தையும் இந்தப் பழைய உறவின் தொடர்ச்சிகள். ஒரு நிலத்தார் இன்னொரு நிலத்தாரின் பொருளை மதிப்பிடக் கற்ற செய்தி தமிழில் மிகப் பழையது. தேனையும் கிழங்கையும் கொடுத்து, அவற்றிற்கு மாற்றாக மீன் நெய்யையும் கள்ளையும் பெற்றோரைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது.

சந்தையில் பொருள் வாங்குகிறவர் தம்மை அறியாமலேயே பல கலைகளைக் கையாள்கிறார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்து முற்றலா பிஞ்சா எனப் பார்க்கிறார். துவரம்பருப்பை உள்ளங்கையில் பரப்பி வண்டு இருக்கிறதா என நோக்குகிறார். பலாப்பழத்தைத் தட்டி, அதன் ஒலியால் பதம் அறிகிறார். விலை கேட்டவுடன் முகத்தைச் சற்றுச் சுளிக்க வேண்டும் என்பதும், இரண்டடி நகர்ந்தால் கடைக்காரர் திரும்பக் கூப்பிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். காய் வாங்கி முடித்தபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்பது உரிமை. மாதக் கடைசியில் கை சுருங்கினால், ‘அண்ணாச்சி, நோட்டில எழுதிக்குங்க’ என்று சொல்லும் துணிவு பழக்கத்தால் வருவது. கடைக்காரருக்கு அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்குத் திருமணம், யாருக்கு உடல்நலமில்லை என்பதெல்லாம் தெரியும்.

இந்த அறிவில் பெரும்பகுதி வானூர்தியில் ஏறியவுடன் செல்லாக் காசாகிவிடுகிறது.

பேசாத கடை

மேலை நாடுகளில் மளிகை வாங்கும் இடத்தில் முதலில் தாக்குவது அமைதி. வரிசை வரிசையாய் அடுக்குகள், பனிப்பெட்டிகள், தள்ளுவண்டிகள். வாங்குகிறவர் எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் நுழைந்து, எடுத்து, பணம் செலுத்தி வெளியேறலாம். இம்முறை எக்காலமும் இருந்தது அன்று. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 செப்டம்பரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் நம் ஊர் மளிகைக்கடை போலவே, வாங்குபவர் பட்டியல் சொல்ல, கடைப்பணியாளர் எடுத்து நிறுத்துக் கொடுத்தார். சாண்டர்ஸ் இடையிலிருந்த மேடையை அகற்றி, வாடிக்கையாளரையே கூடையுடன் உள்ளே விட்டார். தள்ளுவண்டி 1937இல் ஓக்லஹோமாவில் வந்தது. பட்டைக்குறியீட்டைப் படித்து விலை போடும் கருவி 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் தொடங்கியது.

மொழி தெரியாத புதியவருக்கு இந்தப் பேசாத கடை ஒரு வகையில் அருள். தவறான உச்சரிப்புக்கு யாரும் சிரிப்பதில்லை. படத்தைப் பார்த்து எடுத்துவிடலாம். ஒரு பொட்டலத்தைப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதட்டுவாரில்லை. ஆயினும் இழப்பும் அதே இடத்தில் இருக்கிறது. சொந்த ஊரில் அவருக்கு மளிகை கற்றுக்கொடுத்தவர் கடைக்காரர்தாம். ‘இந்த அரிசி பொங்கலுக்கு ஆகாது, அதை எடுத்துக்குங்க’ என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியாக அந்தக் கடை நிற்கிறது. பொட்டலத்தின் மேலுள்ள எழுத்து ஒன்றே பாடநூல்.

சிறு வழக்கங்களும் இடறும். ஜெர்மனியில் தள்ளுவண்டிகளைச் சங்கிலியால் பிணைத்திருப்பார்கள். ஒரு நாணயத்தை இட்டால்தான் வண்டி கழலும். அங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலை இதை அறியாமல் வந்திறங்கிய மாணவர் ஒருவேளைச் சோற்றுக்கு அலைய நேரும். பிரான்சின் பல பேரங்காடிகளில் காய்கனியை வாங்குபவரே தராசில் வைத்து, உரிய படத்தை அழுத்தி, வரும் விலைச்சீட்டை ஒட்டிக்கொண்டு செல்ல வேண்டும். ஒட்டாமல் வரிசையில் நின்றவர், தமக்குப் பின்னால் பத்துப்பேர் காத்திருக்க, மீண்டும் தராசுக்கு ஓடுகிறார். எவரும் கடிந்துகொள்வதில்லைதான். ஆனால் ஊரில் நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்திய ஒருவருக்கு அந்த ஓட்டம் தரும் நாணம் சிறிதன்று.

தெரிந்த ஆங்கிலம், தெரியாத காய்

பள்ளியில் ஆங்கிலம் படித்தவருக்கு இத்தொல்லை இராது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. கத்தரிக்காய்க்கு நம் பாடநூல் கற்பித்த சொல் ‘பிரிஞ்சால்’. அது போர்த்துகீசியர் வழியாக இந்திய ஆங்கிலத்தில் குடியேறிய சொல். இலண்டனில் அது ‘ஓபர்ஜீன்’. டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் ‘எக்பிளாண்ட்’. பிரிஞ்சாலும் ஓபர்ஜீனும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வெவ்வேறு வழியாக நடந்து வந்த உடன்பிறப்புகள் என்பது மொழியறிஞர்க்கு இனிக்கும் செய்தி. கடையில் நிற்பவருக்குப் பயன்படாது. ‘லேடீஸ் ஃபிங்கர்’ என்று கேட்டால் பலருக்குப் புரியாது. ‘ஓக்ரா’ என்னும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல்லே அங்கே வழக்கு. கொத்தமல்லித் தழை பிரிட்டனில் ‘கோரியாண்டர்’, வட அமெரிக்காவில் ‘சிலாண்ட்ரோ’. அதே வட அமெரிக்காவில் அதன் விதை மட்டும் ‘கோரியாண்டர்’. தயிருக்குக் ‘கேர்ட்’ எனக் கேட்டவருக்குக் கிடைப்பது பாலாடைக்கட்டி சார்ந்த வேறு பொருளாக இருக்கலாம்.

பெயர் பொருந்தினாலும் பொருள் பொருந்தாத இடங்கள் இன்னும் நுட்பமானவை. நல்லெண்ணெய்க்கு நம்மூர்ப் புட்டிகளில் ‘ஜிஞ்சலி’ என அச்சிட்டிருக்கும். வெளிநாட்டில் அச்சொல் அரிது. ‘சிசமி’ எனத் தேடி ஒருவர் சீனக் கடையிலிருந்து எள்ளெண்ணெய் வாங்கி வருகிறார். அது வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. நிறம் கருமை, மணம் கடுமை. சமைத்தபின் மேலே சில துளி விடுவதற்கு உரியது. அதில் தாளித்த புளிக்குழம்பை வீட்டார் உண்ண மறுத்தால் வியப்பில்லை. இங்கிலாந்தில் கோதுமை மாவு இரு வகையாக விற்கப்படும். ஒன்று வெறும் மாவு. மற்றொன்று தானே உப்பும்படி, உப்பவைக்கும் தூள் முன்பே கலந்த மாவு. இரண்டாவதைப் பரோட்டாவுக்கு வாங்கியவர் அன்று இரவு வேறு எதையோ உண்டிருப்பார்.

பால் தனிக்கதை. தமிழ்நாட்டில் ஆவின் பையின் நிறமே பாலின் தன்மையைச் சொல்லிவிடும். நீலம் எனில் சமன்படுத்திய, கொழுப்புக் குறைந்த பால். பிரிட்டனிலோ நீல மூடி முழுக் கொழுப்புப் பாலுக்கு உரியது. பச்சை பாதிக் கொழுப்பு, சிவப்பு கொழுப்பு நீக்கியது. பழகிய நிறமே பொய் சொல்கிறது. இதற்கு மாறாகக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பாலை நெகிழிப் பையில் விற்பார்கள்; மூன்று பைகள் சேர்ந்து நான்கு லிட்டர். அமெரிக்காவிலிருந்து அங்கு வருபவர் இதைக் கண்டு வியப்பதுண்டு. பையின் முனையைக் கத்தரித்துப் பால் ஊற்றி வளர்ந்த தமிழருக்கோ, அந்தக் கடை முழுவதிலும் தெரிந்த முகம் அது ஒன்றாக இருக்கலாம்.

மரக்கறி உண்பவருக்கு வேறொரு கவலை. இந்தியப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி அங்கே கட்டாயமில்லை. இனிப்பு மிட்டாயில் விலங்கு எலும்பிலிருந்து எடுத்த கூழ்மம் இருக்கலாம். ‘இ 120’ என்னும் எண் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறத்தைக் குறிக்கும். எண்களை மனனம் செய்துகொண்டு கடைக்குப் போகும் பாட்டிமார் உண்டு.

விலை, எடை, நாள்

பொட்டலத்தின் மேல் அதிகபட்சச் சில்லறை விலையைத் தேடுவது இந்தியரின் அனிச்சைச் செயல். பெரும்பாலான நாடுகளில் அப்படியோர் அச்சு இல்லை. ஒரே எண்ணெய்க்குத் தெருவின் இரு முனைகளில் இரு விலை இருப்பது குற்றமன்று. ஆகவே ஒப்பிடும் பொறுப்பு வாங்குபவரைச் சேர்கிறது. அடுக்கின் விளிம்பிலுள்ள விலைச்சீட்டில், பெரிய எழுத்து விலைக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் ‘கிலோவுக்கு இவ்வளவு’ என்றோ ‘நூறு கிராமுக்கு இவ்வளவு’ என்றோ இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. இந்தச் சிற்றெழுத்தைப் படிக்கத் தொடங்கும் நாளில் புதியவர் பாதி தேறிவிட்டார் எனலாம்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ அடுக்கில் கண்ட விலை பணம் செலுத்துமிடத்தில் வளர்ந்துவிடக்கூடும். வரி அங்கே பின்னர்தான் சேரும். கனடாவில் அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு விற்பனை வரி இல்லை, நொறுக்குத்தீனிக்கு உண்டு. இனிப்பு வடையைப் போன்ற ‘டோனட்’ ஆறுக்குக் குறைவாக வாங்கினால் வரி விதிப்புக்கு உட்படும். ஆறாக வாங்கினால் அது மளிகை. இவ்விதிக்குள் ஏதோ ஒரு நீதி இருக்கத்தான் வேண்டும். 2013 பிப்ரவரி முதல் அந்நாடு ஒரு சென்ட் நாணயத்தை வெளியிடுவதை நிறுத்தியது. அதன்பின் ரொக்கமாகக் கொடுத்தால் தொகை ஐந்து சென்ட்டின் மடங்காக மாற்றப்படும். அட்டையில் கொடுத்தால் உள்ளது உள்ளபடி.

நாளைப் படிப்பதிலும் இடர் உண்டு. 03/04 என்று இருந்தால் இந்தியருக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. கெட்டுப்போன தயிரை உண்பதற்கும் நல்ல தயிரைக் குப்பையில் கொட்டுவதற்கும் இடையிலுள்ள தொலைவு அந்தச் சாய்ந்த கோடுதான். பிரிட்டனில் ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்பு எல்லை. அந்நாளுக்குப் பின் உண்ணலாகாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவையும் பதமும் குறையத் தொடங்கும் நாளையே சுட்டும். இரண்டும் ஒன்றென எண்ணி நல்ல உணவை எறிகிறவர் உள்ளூர்க்காரரிலும் பலர்.

எடை பற்றி ஈழத்தமிழர் ஒரு நன்மை பெற்றிருந்தனர். கனடியப் பேரங்காடிகளில் காய்கறி விலையைப் பெரிய எழுத்தில் பவுண்டுக்கும் சிறிய எழுத்தில் கிலோவுக்கும் எழுதுவது வழக்கம். பவுண்டை ‘றாத்தல்’ எனச் சொல்லி, ஒரு றாத்தல் பாண் வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு அது புதிதன்று. கிலோவில் வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளே திகைத்தனர்.

தெரிந்து தெளிவோம்

புதிய அளவையைக் கற்க நாடு விட்டு நாடு போகவேண்டும் என்பதில்லை. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது மாறி நூறு நயா பைசா ஆயிற்று. வீசை, சேர் ஆகியவை படிப்படியாகக் கிலோவுக்கு இடம் கொடுத்தன. சொந்தத் தெருவின் கடையிலேயே அன்றைய முதியவர்கள் புதியவர்களாய் நின்றனர். மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழர் கற்ற அளவை ‘கட்டி’. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். பதினாறு ‘தாகில்’ ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு ‘பிக்குல்’.

கணக்கின் பின்னால்

இவற்றையெல்லாம் சில வாரத் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. வேற்று நாட்டிற்குப் புதிதாக வந்தவரின் கூலி சிறிது. அதில் வாடகை போக, ஊருக்கு அனுப்புவது போக, எஞ்சியதே உணவுக்கு. முதல் மாதங்களில் ஒவ்வொரு விலையும் மனத்துள் ரூபாயாக மாறுகிறது. ஒரு கட்டு முருங்கைக்காயின் விலையில் ஊரில் ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் காய்ச்செலவு அடங்கிவிடும் எனத் தெரிந்தபின், எடுத்த கை தானே திருப்பி வைக்கிறது. இந்தப் பெருக்கலை நிறுத்தாதவர் பட்டினி கிடப்பார். முற்றிலும் மறந்தவர் ஊருக்கு அனுப்ப மறந்துவிடுவார். இரண்டிற்கும் நடுவே கணக்கை நிறுத்தும் திறமை எந்தப் பொட்டலத்திலும் அச்சிடப்படுவதில்லை.

குழந்தைகளின் நிலை கருதத்தக்கது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆறு மாதத்தில் அவர்களுக்கு அந்நாட்டு மொழி வந்துவிடுகிறது. பெற்றோருக்கு வருவதில்லை. ஆகவே பத்து வயதுச் சிறுமி தாயுடன் கடைக்குச் சென்று பொட்டலத்தைப் படித்துச் சொல்கிறாள். கெட்டுப்போன பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடையாளரிடம் பேசுகிறாள். தாய் சினத்துடன் சொன்னதைச் சற்று மென்மையாக்கி மொழிபெயர்க்கிறாள். வீட்டில் யார் பெரியவர் என்னும் ஒழுங்கு அந்த இடத்தில் தலைகீழாகிறது. ஊரில் சந்தைக்காரரையே விலை இறங்கச் செய்த தாய், இங்கே மகளின் முகத்தைப் பார்த்துக் காத்து நிற்கிறாள். புலம்பெயர் வாழ்வின் இழப்புகளைப் பட்டியலிடுவோர் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெழுகு பூசிய மரவள்ளி

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை அங்கிருந்த மீனவர்கள் மீட்டனர். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் பல வழிகளில் கனடாவை அடைந்த தமிழர் பெரும்பாலும் டொராண்டோவிலும் மொன்றியாலிலும் குடியமர்ந்தனர். தமிழ்க் கடைகள் பெருகாத அந்நாளில் இடியப்பத்திற்கு மாவும் குழம்பிற்குப் புளியும் எங்கே கிடைக்கும்? விடை, தமக்கு முன்பே வந்திருந்த பிற புதியவர்களின் கடைகளில் கிடைத்தது. டொராண்டோவின் ஜெரார்டு தெருவில் 1972இல் ‘நாஸ்’ என்னும் இந்தியத் திரையரங்கு தொடங்கியபின் அதைச் சுற்றி வட இந்திய, பாகிஸ்தானியக் கடைகள் எழுந்திருந்தன. பருப்பும் மசாலையும் அங்கே. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் பாகற்காயும் சீனத்தெருவில்.

கொல்லிமலைக்காரர் ஒருவர் இந்தக் கடைகளில் நடந்தால் தம் மலையின் பொருள்களை மாற்றுடையில் காண்பார். மலைச்சரிவில் விளைந்து, சேலம் பகுதியின் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கும் மரவள்ளி, கரீபியர் கடையில் ‘கஸாவா’. தென் அமெரிக்கர் கடையில் ‘யூகா’. பாரிசின் ஆப்பிரிக்கக் கடையில் ‘மனியோக்’. நெடுந்தொலைவு வந்தும் கெடாதிருக்கக் கிழங்கின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். பளபளக்கும் அந்தத் தோலைக் கண்டு, இது கிழங்குதானா எனப் புதியவர் ஐயுறுவார். கீறிப் பார்த்தால் வெள்ளை. அவர் வியக்க இன்னொன்றும் உண்டு. மரவள்ளி பிறந்ததே தென் அமெரிக்காவில். கொல்லிமலைக்கு அதுவும் ஒருநாள் வேற்று நாட்டுப் பொருளாய் வந்து சேர்ந்ததுதான். சௌசௌ என்னும் மெக்சிகோக் காயைச் ‘சீமைக் கத்தரிக்காய்’ என்று பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டதும் நம் முன்னோரே. தெரியாததற்குத் தெரிந்ததன் பெயரை முன்னொட்டுடன் சூட்டுவது அங்காடித் தமிழின் பழைய உத்தி. மிளகைப் போல் காரமாயிருந்த அமெரிக்கக் காய் ‘மிளகாய்’ ஆயிற்று.

பலாப்பிஞ்சு தாய்லாந்துக் கடையில் உப்புநீர்த் தகரத்தில் கிடைக்கும். தினையும் பனிவரகும் கிடைக்கும் இடம்தான் சற்று வருத்தும். ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும் மேலை நாட்டுப் பேரங்காடி பலவற்றில் அவை நெடுங்காலமாக அடுக்கப்படுவது வளர்ப்புப் பறவைகளின் தீனிப் பகுதியில். மலைமக்களைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த தானியத்தைக் கிளியின் படம் போட்ட பையில் காண்பது எளிதில் மறக்கும் காட்சியன்று.

அங்காடியும் கற்றது

புதியவர் அங்காடியைக் கற்பதுபோல், அங்காடியும் புதியவரைக் கற்கிறது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைத் தொடக்கத்திலுள்ள சந்தை இதற்குத் தக்க சான்று. அதன் பழைய மலாய்ப் பெயர் ‘கண்டாங் கெர்பாவ்’. எருமைத் தொழுவம் எனப் பொருள். அவ்வட்டாரத்தில் நடந்த மாட்டு வணிகத்தில் தமிழர் பலர் ஈடுபட்டிருந்தனர். சீனர் இட்ட ‘தேக்கா’ என்னும் பெயர் மூங்கிலடியைக் குறிக்கும். தமிழரும் அப்பெயரைத் தம் பெயர்போல் எடுத்துக்கொண்டனர். 1915இல் கட்டப்பட்ட சந்தை 1982இல் இடிக்கப்பட்டு, எதிர்ப்புறம் புதிய கட்டடம் எழுந்தது. அங்கே சீன மீன்காரர் தமிழில் விலை சொல்வதும் தமிழ்க் காய்கறிக்காரர் மலாயில் பேரம் முடிப்பதும் புதுமையல்ல.

பாரிசில் ‘காரே து நோர்’ இரயில் நிலையத்தின் பின்புறம் ‘லா சப்பல்’ பகுதி 1980களுக்குப் பின் ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தது. தமிழ்ப் பெயர்ப்பலகையின் கீழ் முருங்கைக்காய், வாழைப்பூ, சுண்டங்காய். தமிழருடன் மொரீசியசு, ரீயூனியன் தீவினரும் அங்கே வாங்குகின்றனர். கடையின் கண்ணாடிக் கதவில் ‘அறை வாடகைக்கு’, ‘ஆள் தேவை’ என்னும் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பேரங்காடியும் சொல்லித்தராததை, எந்த அரிசி குழையும், எந்தத் தயிர் புளிக்கும், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பதை, புதிதாய் வந்தவர் அங்கே வரிசையில் நிற்கும்போதே அறிந்துகொள்கிறார். பேசும் கடை மீண்டும் கிடைத்துவிட்டது.

ஆயினும் அக்கடையின் அடுக்கு தொலைவிலுள்ள முடிவுகளுக்குக் கட்டுப்பட்டது. பழ ஈக்கள் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தபோது, அவ்வாண்டின் மாம்பழக் காலம் ஐரோப்பாவில் இந்திய மாம்பழம் இன்றிக் கழிந்தது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது, அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் மக்கள் மூட்டை மூட்டையாய் வாங்கத் திரண்டனர். ஓராளுக்கு இத்தனை பை மட்டும் எனக் கடைகள் எழுதி ஒட்டின. புழுங்கலரிசி அத்தடையில் இல்லை என்பதைப் பரபரப்பில் பலர் கவனிக்கவில்லை. தடை 2024 செப்டம்பரில் விலக்கப்பட்டது.

கறிவேப்பிலை மட்டும் இன்னும் கொசுறாகவில்லை. சிறு நெகிழிப் பையில் எடையிட்டு, விலைச்சீட்டு ஒட்டிப் பனிப்பெட்டியில் வைத்திருப்பார்கள். சிலர் தொட்டியில் ஒரு செடியை வளர்த்து, குளிர்காலம் முழுவதும் அதைச் சன்னலோரம் நகர்த்தி நகர்த்திக் காக்கின்றனர். கடைக்காரர் கொசுறு கொடுக்கும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆண்டு இறுதியில், வழக்கமாய் வருபவரின் பைக்குள் ஒரு தமிழ் நாட்காட்டியைச் சுருட்டி வைக்கிறார். அமாவாசையும் கார்த்திகையும் அந்நாட்டு விடுமுறைகளும் ஒரே தாளில் அச்சாகியிருக்கும். கீழே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், ஞாயிறன்று எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதும்.